எக்ஸ்பாக்ஸ் (மைக்ரோசாஃப்டின் வீடியோ கேம் தளம்) ப்ரொஃபைலில் 'நான் கே' (தன்பாலீர்ப்புள்ள ஆண்) என்று எழுதினேன், அந்த வரியை நீக்கிவிட்டார்கள். அப்படி எழுதுவதே விதிமீறல் என்கிறார் நண்பர். 'கே' என்று போட்டால் தடை வருமா?

வராது. ப்ரொஃபைலில் "நான் கே" என்று எழுதுவது விதிமீறல் இல்லை. உங்கள் நண்பர் சொல்வது பழைய விதி. 2010 மார்ச் வரை எக்ஸ்பாக்ஸ் லைவ் என்ற ஆன்லைன் சேவையில் கேமர்டேக்கிலோ (விளையாடுபவரின் பயனர் பெயர்) ப்ரொஃபைலிலோ எந்தப் பாலீர்ப்பையும் குறிப்பிடக் கூடாது என்று இருந்தது. அந்தச் சொற்களைப் பலர் வசவாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது அப்போதைய காரணம். வசவுக்குப் பயந்து, தன்னைப் பற்றிச் சொன்னவரையும் வாயடைத்தது அநியாயம். எதிர்ப்பு வந்தபின் மாற்றி, லெஸ்பியன், கே, பை (இருபாலீர்ப்பு), திருநர், ஸ்ட்ரெய்ட் (எதிர்பாலீர்ப்பு) என்ற சொற்களை அனுமதித்தார்கள்.

அப்படியானால் நீங்கள் எழுதிய வரி ஏன் நீக்கப்பட்டது? பக்கத்தில் இருந்த வேறு ஏதோ சொல்லாக இருக்கலாம். யாராவது வேண்டுமென்றே ரிப்போர்ட் செய்தும் இருக்கலாம்.

1. எக்ஸ்பாக்ஸ் அமலாக்கத் தளத்தில் உள்நுழைந்து, என்ன காரணம் காட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.
2. அந்த ஒரு சொல்லை மட்டும் போட்டுப் பாருங்கள். மறுபடி நீக்கினால் மறுபரிசீலனை கேளுங்கள், தயங்கவே வேண்டாம்.

ஒன்று மட்டும் கவனம். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இந்தியாவில் தன்பாலுறவு குற்றமில்லை, சரி. ஆனால் ப்ரொஃபைலை அத்தை மகனும் ஆபீஸ் நண்பரும்கூடப் பார்ப்பார்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றால், பிரைவசி அமைப்பில் ப்ரொஃபைலை நண்பர்களுக்கு மட்டும் தெரியும்படி வையுங்கள். அப்புறம், வாய்ஸ் சாட்டில் யாராவது திட்டினால் பதிலுக்குத் திட்டாதீர்கள், உங்கள் மேலேயே ரிப்போர்ட் விழும். மியூட் செய்துவிட்டு நீங்கள் ரிப்போர்ட் செய்யுங்கள்.