வாசகர் கேள்விகள்: மேலே நாலு அக்கா, கீழே நாலு தங்கை

கேள்வி: பத்தாவது படிக்கும் என் மகள் பீரோ கதவு முழுக்க ஒரு கொரியப் பெண்ணின் படத்தை ஒட்டி வைத்திருக்கிறாள். கேட்டால் 'ட்வைஸ் லீடர் ஜிஹ்யோ' என்கிறாள். பாடி ஆடும் கூட்டத்துக்கு எதற்கு லீடர்?
- ஒரு அம்மா, குடியாத்தம்

பதில்: சரியான ஆளிடம்தான் கேட்டீர்கள். சத்துவாச்சாரியில் என் அக்கா வீட்டு மொட்டை மாடியில், வடாம் காயும் புடவைக்குப் பக்கத்திலேயே அக்கா மகள் தினமும் இந்த ஆட்டம்தான் ஆடுகிறாள், அதனால் பாதிக் கதை எனக்கும் மனப்பாடம்.

ஜிஹ்யோ 2005இல், 8 வயசில், பாடகர்களைப் பயிற்றுவித்து மேடையேற்றும் ஜேஒய்பி என்ற கொரிய நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தவர். மேடை ஏறியது 2015 அக்டோபரில். மூன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை ஒரே டியூஷனுக்குப் போகிறீர்கள், பரீட்சை எப்போது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்களேன். 2014இல் வரவிருந்த ஒரு குழுவில் இடம் கிடைத்தது, அது தொடங்கும் முன்பே கைவிடப்பட்டது. அப்புறம் 'சிக்ஸ்டீன்' என்று 16 பெண்களை மோதவிட்ட டிவி போட்டி. அதிலிருந்து வந்த ஒன்பது பேர்தான் ட்வைஸ்: ஐந்து கொரியர், மூன்று ஜப்பானியர், ஒரு தைவான் பெண்.

கொரியாவில் வயசுக்கு மரியாதை அதிகம். தன்னைவிட மூத்தவளை ஒரு பெண் 'ஒன்னி' என்றுதான் கூப்பிட வேண்டும், நம் 'அக்கா' மாதிரி. அப்படிப் பார்த்தால் மூத்தவர் நயோன்தானே லீடர்? இல்லை. யார் யாருக்குப் போட்டார்கள் என்று தெரியாமல் அவர்களே ஓட்டுப் போட்டு ஜிஹ்யோவைத் தேர்ந்தெடுத்தார்கள். வயசில் அவர் சரியாக நடுவில், ஐந்தாவது. நாலு அக்காக்கள் சேர்ந்து ஒரு தங்கையை முன்னால் நிறுத்துவது நம் வீடுகளில் நடக்குமா, யோசியுங்கள்.

வேலை என்னவென்றால், மேடையில் 'இரண்டு, மூன்று' என்று அவர் கொரிய மொழியில் எண்ணுவார், உடனே எல்லோரும் ஒரே குரலில் வணக்கம் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். எல்லாக் குழுவுக்கும் லீடர் உண்டு என்றும் இல்லை, பிளாக்பிங்க் என்ற இன்னொரு கொரியப் பெண்கள் குழுவுக்குக் கிடையாது. 2022இல் ட்வைஸின் ஒன்பது பேருமே ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். 2023இல் ஜிஹ்யோ 'ஸோன்' என்று தனி ஆல்பம் போட்டார், குழுவை விடவில்லை.

கேள்வி: அவருடைய சொந்தப் பெயரே ஜிஹ்யோதானா?
- ஒரு வாசகர், வாணியம்பாடி

பதில்: பிறந்தபோது வைத்தது ஜிசூ, பிற்பாடு மாற்றிக்கொண்டார். பிளாக்பிங்க் ஜிசூ வேறு ஆள். இதில் குழம்பி அக்கா மகளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கேள்வி: நம்ம ஊர்ப் பெண் கே-பாப்பில், அதாவது இந்தக் கொரிய பாப் இசையில், சேர முடியுமா?
- ஒரு மாணவி, ஆற்காடு

பதில்: ஒடிசாவின் ஸ்ரேயா லெங்கா 2022இல் பிளாக்ஸ்வான் குழுவில் சேர்ந்தாரே! அம்மாவிடம் பிறகு பேசலாம், முதலில் கொரிய எழுத்தைப் படி. அடிப்படை எழுத்து மொத்தமே 24, நீ ஏற்கெனவே 247 பார்த்தவள்.