அமெரிக்காவில் ஐ.இ.பி. (குறைபாடுள்ள பிள்ளைக்குப் பள்ளி வகுக்கும் தனிக் கல்வித் திட்டம்) உள்ள குழந்தைக்குக் கோடை விடுமுறையில் சிறப்புக் கல்வி கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் எல்லோருக்கும் தானாகக் கிடைத்துவிடாது. இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஒன்று, நீட்டித்த கல்வியாண்டுச் சேவை, அதாவது வழக்கமான பள்ளி நாட்களுக்கு அப்பாலும் தொடரும் சிறப்புக் கல்வி. சுருக்கமாக ஈ.எஸ்.ஒய். ஐ.டி.இ.ஏ. என்ற சிறப்புக் கல்விக்கான கூட்டாட்சிச் சட்ட விதிகளின்படி, பிள்ளைக்கு அது தேவை என்று ஐ.இ.பி. குழு முடிவு செய்தால் பள்ளி மாவட்டம் இலவசமாகத் தந்தாக வேண்டும். பல மாநிலங்களில் முக்கியமாகப் பார்ப்பது இதைத்தான்: விடுமுறையில் கற்றது எவ்வளவு மறக்கிறது, திரும்பப் பிடிக்க எத்தனை நாள் ஆகிறது? பென்சில்வேனியாவில் ஆண்டுக்கு 180 பள்ளி நாளுக்கு மேல் யாருக்கும் கிடையாது என்றிருந்த வழக்கத்தை 1979-இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. உரிமைக்கு வித்திட்டது அந்த வழக்குதான்.

"எங்கள் மாவட்டத்தில் ஆட்டிசம் பிள்ளைகளுக்கு மட்டும்தான்", "எல்லோருக்கும் நான்கு வாரம்தான்" என்று சொன்னால் நம்பாதீர்கள். குறைபாட்டின் வகையை வைத்து ஒதுக்கவோ, சேவையின் அளவைத் தன்னிச்சையாகச் சுருக்கவோ விதி இடம் தரவில்லை. பேச்சுப் பயிற்சி மட்டும் தேவையென்றால் அதை மட்டும்கூடக் கேட்கலாம்.

மற்றது, எல்லா மாணவர்களுக்குமான சாதாரணக் கோடைப் பள்ளி. குறைபாட்டைக் காட்டி அங்கே சேர்க்க மறுப்பது 1973-ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவுக்கு முரண். சைகைமொழி பெயர்ப்பாளர், கூடுதல் தேர்வு நேரம் போன்றவை அங்கும் பொருந்தும்.

ஈ.எஸ்.ஒய். பற்றிய பேச்சை வசந்த காலத்திலேயே எழுத்தில் தொடங்குங்கள். ஜூனில் கேட்டால் முறையிட நேரமிருக்காது. மறதிக்குச் சான்றாக, குளிர்கால விடுமுறைக்கு முன்னும் பின்னும் ஆசிரியர் எடுத்த குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள். மாவட்டம் சேவையை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதை வைத்து விசாரணை கோரலாம்.