எபிரெய ஜெபங்கள், யூத வழக்கங்கள்: கேள்வி பதில்

கேள்வி: சாப்பிடும் முன் உணவை ஆசீர்வதிக்க யூதர்கள் என்ன சொல்கிறார்கள்?

பதில்: உணவை ஆசீர்வதிப்பதில்லை, தந்தவரை ஸ்தோத்திரிக்கிறார்கள். "எங்கள் தேவனாகிய கர்த்தாவே, உலகத்தின் ராஜாவே, பூமியிலிருந்து அப்பத்தை விளைவிக்கிறவரே, உமக்கு ஸ்தோத்திரம்." கடைசிப் பகுதி சங்கீதம் 104:14-ஐ ஒட்டியது.

நமக்குக் குழப்பம் வரக் காரணம் உண்டு. 'பாரக்' என்ற ஒரே எபிரெய வினை தமிழ் வேதாகமத்தில் இரண்டாகப் பிரிகிறது. தேவன் மனிதனுக்குச் செய்தால் ஆசீர்வாதம், மனிதன் தேவனுக்குச் செய்தால் ஸ்தோத்திரம். "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி" என்பதிலும் அதே வினைதான்.

அப்புறம், வேதம் நேரடியாகக் கட்டளையிடுவது சாப்பிட்டுத் திருப்தியான பிறகு ஸ்தோத்திரிப்பதை (உபாகமம் 8:10). முன்னால் சொல்வது ரபீக்கள் (யூத வேத போதகர்கள்) ஏற்படுத்தியது. வயிறு நிறைந்ததும் கர்த்தரை மறந்துவிடாதே என்றுதான் அடுத்த வசனங்கள் எச்சரிக்கின்றன.

கேள்வி: லூக்கா 9:16-ல் இயேசு அப்பங்களையே ஆசீர்வதித்தாரே?

பதில்: கிரேக்கத்திலும் 'அவைகளை' என்று இருக்கிறது. ஆனால் மாற்கு 6:41-ல் அந்தச் சொல் இல்லை; யோவான் 6:11-ல் ஸ்தோத்திரம் பண்ணுகிறார். அப்பத்தைக் கையில் எடுத்துப் பிதாவை ஸ்தோத்திரித்தார் என்றே வாசிக்கிறேன்.

கேள்வி: விடமாட்டேன். 1 சாமுவேல் 9:13-ல் சாமுவேல் பலியையே ஆசீர்வதிக்கிறார்!

பதில்: சரி, எபிரெயத்திலும் அப்படியேதான். முதலில் நான் சொன்னது யூத ஜெபத்தின் வாசகத்துக்குப் பொருந்தும். அதை வேதம் முழுவதற்கும் விதியாக்க மாட்டேன்.

கேள்வி: தேவனுடைய எபிரெய நாமத்தை எப்படி உச்சரிப்பது, யெகோவாவா, யாவேயா?

பதில்: யூதர் ஜெபத்தில் அந்த நாமம் வருமிடத்தில் 'அதோனாய்' (ஆண்டவர்) என்கிறார்கள்.

கேள்வி: வாசல் நிலையில் மெசுசா (யூதர் மாட்டும், வசனச் சுருள் வைத்த சிறு பேழை) மாட்டினால் வீட்டுக்குப் பாதுகாப்பா?

பதில்: உள்ளே இருப்பது உபாகமம் 6:4-9, 11:13-21, தோலில் கையால் எழுதியது. கர்த்தரிடத்தில் அன்புகூரு, பிள்ளைகளுக்குப் போதி என்கிற வசனங்கள். தயவுசெய்து தாயத்தாக்காதீர்கள்.

கேள்வி: ஆரோனின் ஆசீர்வாதத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

பதில்: தாராளமாக. யூத வீடுகளில் வெள்ளி மாலை, பிள்ளைகளின் தலையில் கைவைத்துப் பெற்றோர் சொல்வது எண்ணாகமம் 6:24-26தான். எபிரெயத்தில் முதல் வரிக்கு 3 சொல், அடுத்ததற்கு 5, பிறகு 7, ஊற்று பெருகுவதுபோல. 1979-ல் எருசலேமின் கெத்தேப் ஹின்னோம் கல்லறையில் கிடைத்த சின்ன வெள்ளிச் சுருள்களில் இதன் வரிகள் இருக்கின்றன. சவக்கடல் அருகே குகைகளில் கிடைத்த பழைய வேதப் பிரதிகளான சவக்கடல் சுருள்களைவிட நூற்றாண்டுகள் பழையவை.

கேள்வி: எபிரெயத்திலேயே சொன்னால் பலன் அதிகமா?

பதில்: இல்லை, மந்திரம் அல்ல. எண்ணாகமம் 6:27-ஐப் பாருங்கள், ஆசீர்வதிக்கிறவர் கர்த்தர். ஆசையாக இருந்தால் பொருள் தெரிந்து சொல்லுங்கள். யெவாரெகெகா அதோனாய் வெயிஷ்மெரெகா: கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்.