வீட்டில் டியூஷன் நடக்கிறது: லாப்ரடார் வாங்கலாமா, ராஜபாளையமா?

கேள்வி: திண்டுக்கல்லில் தனி வீடு, சுற்றிலும் காலி இடம், ஐந்தடி மதில். எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள்; எழுபது வயதைத் தாண்டிய அம்மா. மனைவி மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். நாய் காவலுக்கும் ஆக வேண்டும், பிள்ளைகளோடும் பழக வேண்டும். நான் ராஜபாளையம் என்கிறேன், மனைவி லாப்ரடார் என்கிறார். ராஜபாளையம் குட்டியை ஆம்னி பஸ்ஸில் அனுப்புவதாக ஒரு புரோக்கர் 3,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார். எது சரி?

கால்நடை மருத்துவர் பதில்: உங்கள் மனைவி சொல்வதே சரி. காரணம் டியூஷன்தான்.

ராஜபாளையம் வீட்டாரிடம் உயிரையே வைத்திருக்கும், வெளியாளை நம்பாது. காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்த இனம். தினமும் மாலையில் கேட்டைத் தள்ளிக்கொண்டு கூச்சலோடு ஓடிவரும் பிள்ளைகளில் யார் நம்மவர், யார் அந்நியர் என்று அது கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டுமா? அந்த நேரத்தில் கட்டிப்போடலாம் என்பீர்கள். ஓடப் பிறந்த நாயைச் சங்கிலியில் போட்டால் அது கடிக்கும் நாயாகத்தான் மாறும். உங்கள் ஐந்தடி மதிலும் அதற்கு ஒரு தடையல்ல.

லாப்ரடார் திருடனைப் பிடிக்காது. குரைக்கும், அந்தக் கனத்த குரலே பெரும்பாலும் போதும். ஆனால் முப்பது கிலோ நாய் பாசத்தில் மேலே தாவினால் அம்மா விழுந்துவிடுவார். தாவாமலிருக்கக் குட்டியிலேயே பழக்குங்கள். அது கேட்கிறதே என்று தட்டில் மிஞ்சியதையெல்லாம் போடாதீர்கள். வயிறு நிறைந்தாலும் கேட்கும் இனம் அது. இடுப்பு மூட்டும் அதற்குப் பலவீனம். எடை கூடி, வழுக்கும் டைல்ஸ் தரையிலேயே வளர்ந்தால் சீக்கிரமே பின்கால் நொண்டும்.

இனத்தைப் பற்றி இவ்வளவு போதும். எனக்குக் கவலை அந்த புரோக்கரைப் பற்றித்தான். தாய் நாயைக் காட்டாதவரிடம் குட்டி வாங்காதீர்கள், எந்த இனமாக இருந்தாலும். 'டபுள் போன்', 'ஹெவி போன்' (தடித்த எலும்பாம்) என்பதெல்லாம் விலையை ஏற்றும் வார்த்தைகள். கால் எலும்பு தடித்திருப்பதற்கும் ஆரோக்கியத்துக்கும் சம்பந்தமில்லை. நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்பின் சான்றிதழ் குட்டியின் பெற்றோர் யார் என்று சொல்லும், அவ்வளவுதான். அதன் இடுப்பைப் பற்றியோ குணத்தைப் பற்றியோ ஒரு வரியும் சொல்லாது. அதிலுள்ள மைக்ரோசிப் எண்ணும் குட்டியின் தோலுக்கடியில் செலுத்திய சிப்பின் எண்ணும் ஒன்றுதானா என்று ஸ்கேனர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே பேச்சை மாற்றுவார்கள். தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் மருத்துவர் கையெழுத்தும் இல்லையென்றால் ஊசி போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பார்வோ கிருமி உடம்பில் புகுந்த குட்டி சில நாள் துள்ளி விளையாடும். உங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் இரத்தக் கழிச்சல் தொடங்கும். அப்போது புரோக்கரின் போன் அணைந்திருக்கும்.

சட்டம் இல்லாமலில்லை. 2017-இல் மத்திய அரசு நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் விதிகள் கொண்டுவந்தது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிய வேண்டும் என்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. கண் திறந்து சில நாளேயான குட்டிகள் கூடை கூடையாகத் தெருவோரம் விலை போகின்றன. யார் போய்ப் பார்க்கிறார்கள்? கடைசியில் அவற்றுக்கு குளுக்கோஸ் ஏற்றுவது நாங்கள்தான்.

டியூஷன் நின்று, மதிலும் உயர்ந்து, பிறகு ராஜபாளையம்தான் என்று நீங்கள் முடிவு செய்தால் ஒரு விஷயம். தூய வெள்ளை நிறத்தோடு செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வரக்கூடும். எல்லாக் குட்டிக்கும் அல்ல, சிலவற்றுக்கு. செவிட்டுக் குட்டி கூடப்பிறந்தவை ஓடினால் தானும் ஓடும், அவை திரும்பினால் தானும் திரும்பும். அதனால்தான் குட்டிகளை ஒன்றாகவே விட்டுக் காட்டுவார்கள். நீங்கள் விரும்பும் குட்டியைத் தனி அறைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அது வேறெங்கோ பார்க்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காலால் தரையைத் தட்டக் கூடாது. அதிர்வை உணர்ந்து திரும்பிவிடும். முகத்தருகே கைதட்டவும் கூடாது. காற்றுப் பட்டாலே திரும்பும். தூங்கும்போது இன்னொரு முறை செய்து பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்கும் குட்டி இதிலும் தப்பிவிடும்; அதனால் பெரிய தொல்லையில்லை. இரண்டு காதும் கேட்காத பெரிய நாயைச் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வைக்காதீர்கள். தூக்கத்தில் தொட்டால் திடுக்கிட்டுக் கடித்துவிடும். மூக்கு இளஞ்சிவப்பாக இல்லாமல் கறுப்பாக இருந்தால் கலப்பா என்றும் சந்தேகப்படுங்கள்.

லாப்ரடாருக்குத் திரும்புவோம். பெட்டைக் குட்டியாகப் பாருங்கள். அளவில் சற்றுச் சிறியது, அம்மாவுக்கு வசதி. தாய் நாய் இருக்கும் வீட்டுக்கே நேரில் போங்கள். உங்களைப் பார்த்து அது பதுங்கினாலோ உறுமினாலோ குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில். அதைப் போட்டு முடிக்கும்வரை டியூஷன் பிள்ளைகள் குட்டியைக் கொஞ்ச வேண்டாம்.

3,000 ரூபாயை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தரமாட்டார். அதை மீட்பதற்காக அந்தக் குட்டியை பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கிவராதீர்கள்.