அடமானத்தில் உள்ள பண்ணைக்கு ஈஸ்மென்ட்: வங்கியின் ஒப்புதல் எப்போது?

அடமானத்தில் உள்ள உங்கள் பண்ணைமீது பாதுகாப்பு ஈஸ்மென்ட் (நிலத்தில் வீடு கட்டுவது போன்ற உரிமைகளை நிரந்தரமாக விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம்) தரும் கொடைப் பத்திரத்தை டிசம்பருக்குள் பதிந்துவிட்டு, வங்கியின் ஒப்புதலைப் பிறகு வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. பாதுகாப்பு ஈஸ்மென்டை நில அறக்கட்டளைக்கு (நிலங்களைப் பாதுகாக்கும் அமைப்பு) கொடையளித்து அமெரிக்கக் கூட்டாட்சி வருமான வரியில் கழிவு கோருவதானால், தன் அடமான உரிமை ஈஸ்மென்டுக்குப் பின்னரே என்று வங்கி எழுதித் தருவது கொடையளிக்கும் நேரத்திலேயே கைவசம் இருந்தாக வேண்டும்.

உங்கள் கொலராடோவிலேயே 2003-இல் ஈஸ்மென்ட் தந்த ஒரு பண்ணைக்கு 2005-இல்தான் ஒப்புதல் வந்தது. கடன் தவறி நிலம் பறிபோகும் வாய்ப்பு மிகக் குறைவு என்ற வாதம் எடுபடாமல், கழிவு செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-இல் உறுதிசெய்தது.

வங்கி இழுத்தடிப்பதற்கு, வீடு கட்டும் உரிமை போனால் நிலத்தின் மதிப்பு சரியும் என்ற அச்சமே பெரும்பாலும் காரணம். ஆகவே ஈஸ்மென்டுக்குப் பிந்தைய மதிப்பு மீதிக் கடனைத் தாராளமாகத் தாண்டுகிறதா என்று பார்த்து, அந்த மதிப்பீட்டறிக்கையை வங்கியிடம் கொடுங்கள். கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பதிவகத்தில் வில்லங்கமும் பாருங்கள். ரத்தாகாமல் கிடக்கும் பழைய இரண்டாம் அடமானத்துக்கும் இதே ஒப்புதல் தேவை.

வங்கி மறுத்தால் வற்புறுத்த வழியில்லை. அப்போது கடனை அடைக்கும்வரையோ வேறு வங்கிக்கு மாற்றும்வரையோ கொடையைத் தள்ளிவையுங்கள். பத்திர வாசகத்தை ஈஸ்மென்ட் அனுபவமுள்ள வரி வழக்கறிஞர் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள்.