பேஸ்பாலில் எந்த அரை மணி நேரம் குறைந்தது?

கேள்வி: அமெரிக்க பேஸ்பாலில் ஆட்டத்தை வேகப்படுத்த விதிகளை மாற்றினார்களே, நிஜமாகவே பலன் இருந்ததா, இல்லை விளையாட்டையே கெடுத்துவிட்டார்களா?
– வாசகர், தேனி

பதில்: பலன் இருந்தது, அதுவும் நன்றாகவே. அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் போட்டியான மேஜர் லீகில் ஒன்பது இன்னிங்ஸ் முடிய 2021-ல் சராசரியாக 3 மணி 10 நிமிடம் ஆனது, 2023-ல் 2 மணி 40 நிமிடம்தான். ஆனால் அதே ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வோர் இன்னிங்ஸிலும் ஓர் அணிக்கு அதே மூன்று அவுட். அப்புறம் எது குறைந்தது? பந்துக்கும் பந்துக்கும் நடுவில் பேட்டர் விலகி நின்று, கையுறைப் பட்டையைப் பிரித்துப் பிரித்து ஒட்டி, மட்டையால் ஷூவைத் தட்டி, தோளைக் குலுக்கிக்கொண்டு நின்ற நேரம்தான் குறைந்தது. மைக் ஹார்க்ரோவ் என்ற பழைய ஆட்டக்காரர் இதற்காகவே 'மனித மழைத் தடங்கல்' என்று பட்டப்பெயர் வாங்கியவர்.

2023-ல் கொண்டுவந்த விதி இதுதான்: பேஸ்களில் (ரன் எடுக்க வரிசையாகத் தொட்டு ஓட வேண்டிய இடங்கள்) ஆள் இல்லாவிட்டால் 15 விநாடிக்குள், இருந்தால் 20 விநாடிக்குள் (மறு வருடம் 18 ஆக்கினார்கள்) பிட்சர், அதாவது பந்து வீசுபவர், வீசத் தொடங்க வேண்டும். தவறினால் பேட்டருக்குச் சாதகமாக ஒரு 'பால்' கணக்கில் ஏறும்; நான்கு பால் சேர்ந்தால் அவர் முதல் பேஸுக்கு நடந்தே போகலாம். கடிகாரத்தில் 8 விநாடி மிச்சமிருக்கும்போதே பேட்டர் தயாராக நிற்காவிட்டால் அவருக்கு எதிராக ஒரு ஸ்ட்ரைக்; மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட்.

கேள்வி: கடிகாரமே ஆட்டத்தை முடித்துவைப்பது அநியாயம் இல்லையா?
– வாசகி, கோவை

பதில்: பிப்ரவரி 2023-ல் ஒரு பயிற்சி ஆட்டத்தில் அப்படியே நடந்தது. பிரேவ்ஸ், ரெட் சாக்ஸ் என்ற இரண்டு அணிகளும் 6-6, கடைசி இன்னிங்ஸ், இரண்டு அவுட், மூன்று பேஸிலும் ஆள், இன்னும் ஒரு பால் விழுந்தால் பேட்டர் முதல் பேஸுக்குப் போக, மற்றவர்களும் ஒரு பேஸ் முன்னேறி, ஒரு ரன் கிடைத்து பிரேவ்ஸுக்கு வெற்றி. நடுவர் ஆட்டத்தை நிறுத்தியதும், பிட்சர்தான் தவறிவிட்டார் என்று நினைத்து பிரேவ்ஸ் பேட்டர் கால் கான்லி (Cal Conley) முதல் பேஸ் பக்கம் நடக்கவே ஆரம்பித்துவிட்டார். ஆனால் தயாராகாமல் நின்றது அவர் என்று சொல்லி நடுவர் ஸ்ட்ரைக் கொடுத்தார், அது மூன்றாவது ஸ்ட்ரைக், அவுட், ஆட்டம் டை! பார்த்தவர்களுக்குக் கோபம் வந்ததில் தப்பே இல்லை. ஆனாலும் சீசன் தொடங்குவதற்கு முன்பே அது நடந்தது நல்லதுக்குத்தான், எல்லாருக்கும் விதி மனதில் பதிந்தது. பழகப் பழக மீறல்களும் குறைந்தன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேஸில் நிற்பவரை மிரட்ட பிட்சர் அங்கே பந்தை எறிந்துகொண்டே இருப்பார், அதற்கு இப்போது இரண்டு தடவைதான் அனுமதி, மூன்றாவது தடவையும் எறிந்து ஆள் அவுட் ஆகவில்லை என்றால் பேஸில் நிற்பவருக்கு அடுத்த பேஸ் சும்மா கிடைத்துவிடும். பேஸின் அளவையும் 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கினார்கள். பேஸில் நிற்பவர்கள் துணிந்து ஓட ஆரம்பித்தார்கள்: 2022-ல் சுமார் 2,500 ஆக இருந்த பேஸ் திருட்டு (பேட்டர் அடிக்காமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது) 2023-ல் 3,500-ஐத் தாண்டியது. எனக்கு நேரம் மிச்சமானதைவிட இதுதான் பெரிய சந்தோஷம்.

கேள்வி: அப்படியானால் எல்லா மாற்றமும் உங்களுக்குப் பிடித்தவையா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இல்லை. கூடுதல் இன்னிங்ஸில் இரண்டாவது பேஸில் ஓர் ஆளை இலவசமாக நிறுத்தித் தொடங்கும் 2020-ஆம் வருட விதியை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஆள் அடித்து அங்கே போகவில்லையே! சீசன் முடிவில் பட்டத்துக்காக நடக்கும் பிளே-ஆஃப் ஆட்டங்களில் கடிகாரம் அப்படியே ஓடுகிறது, இந்த விதியை மட்டும் அங்கே சேர்க்கவில்லை. லீக் ஆட்டங்களிலிருந்தும் எடுத்துவிடலாம்.