டல்லாஸா, லூயிவில்லா?

வாசகர் கேள்வி: என் கணவர் டல்லாஸில் ஒரு சிறிய பயணிகள் விமான நிறுவனத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை விமானி. கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் இயங்கும் பெரிய சரக்கு விமான நிறுவனம் ஒன்று அவரை வேலைக்கு அழைத்திருக்கிறது. சம்பளம் பல மடங்காகும், வீட்டை மாற்ற வேண்டாம், ஜம்ப்சீட்டில் போய் வந்துகொள்கிறேன் என்கிறார். எனக்கு இங்கே மருத்துவமனையில் பார்மசிஸ்ட் வேலை. மகளுக்கு 7 வயது, மகனுக்கு 2. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், "ராத்திரி பூரா பறந்துட்டு பகல் பூரா தூங்கினா அது என்ன குடித்தனம்?" என்கிறார். கணவரைப் போகச் சொல்லலாமா? நாங்களும் கூடவே போக வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, டெக்சஸ்

அன்புள்ள சகோதரிக்கு,

போகச் சொல்லுங்கள். போவதென்றால் சீக்கிரம் போகச் சொல்லுங்கள். இந்தத் தொழிலில் திறமைக்கு அடுத்தபடி, சில சமயம் அதற்கும் முன்னால், பேசுவது சீனியாரிட்டி எண்தான். எந்த விமானம், எந்த ஊர், எந்தத் தடம், எந்தப் பண்டிகைக்கு லீவு என்று எல்லாம் அந்த எண்ணின் வரிசையில்தான் கிடைக்கும். ஒரு மாதம் தாமதித்துச் சேர்ந்தால், அந்த மாதத்தில் சேர்ந்தவர்கள் எல்லோரும் ஓய்வு பெறும்வரை உங்கள் கணவருக்கு முன்னால் நிற்பார்கள். ஓய்வு வயது 65. இருபது வருடம் கேப்டனாக இருந்தவர்கூட நிறுவனம் மாறினால் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டியதுதான்.

சம்பளம் பல மடங்காகும் என்பது உண்மை. ஆனால் உடனே ஆகாது. அமெரிக்க விமானிகளுக்கு மணிக்கணக்கில் சம்பளம். விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து போய்ச் சேர்ந்து நிற்கும்வரை அந்த மணி ஓடும். காத்திருக்கும் நேரத்துக்கு ஒப்பந்தத்தில் வேறு குறைந்தபட்சக் கணக்குகள் உண்டு. அதோடு, பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதம் இத்தனை மணி நேரத்துக்குச் சம்பளம் என்று ஓர் உத்தரவாதமும் இருக்கும். ஒரு கணக்குக்காக 28 நாளுக்கு 75 மணி, மணிக்கு 100 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு அப்படி 13 தவணை, மொத்தம் 97,500 டாலர். சரியான வீதம் அவர் கையில் இருக்கும் ஒப்பந்தத்தில் இருக்கும், அட்டவணையை நீங்களே ஒருமுறை படியுங்கள். முதல் வருடத்து வீதம்தான் எல்லாவற்றிலும் குறைவு. இரண்டாம் வருடம் அது துள்ளி ஏறும், கேப்டன் ஆனால் கேட்கவே வேண்டாம். அதனால் முதல் வருடம் இப்போதைய செலவுக்குள்ளேயே குடும்பத்தை நடத்துங்கள். புதுக் காரைப் பற்றி அப்புறம் பேசலாம். இன்னொன்று, 40 வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவச் சான்று புதுப்பிக்க வேண்டும். உடம்பு தடுக்கினால் சம்பளமும் தடுக்கும். உரிம இழப்புக்கான காப்பீடு எடுக்காமல் விடாதீர்கள்.

இனி ஜம்ப்சீட்டுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அதுதான்.

ஜம்ப்சீட் என்பது காக்பிட்டில் விமானிகளுக்குப் பின்னால் இருக்கும் உபரி இருக்கை. காசு இல்லை, கேப்டனிடம் மரியாதையாகக் கேட்டு உட்கார்ந்துகொள்ள வேண்டும். இருபத்திரண்டு வருடம் சரக்கு விமானம் ஓட்டியவன் நான். அதில் ஒன்பது வருடம் இப்படித்தான் வேலைக்குப் போய் வந்தேன், அந்த இருக்கையின் மேல் எனக்குத் தனிப் பாசமே உண்டு. ஆனால் வேறு யாராவது முன்பே இடம் பிடித்திருந்தாலோ, விமானம் பழுதானாலோ, இடியும் மழையும் வந்தாலோ நம்மை ஏற்றிக்கொள்ள ஆளிருக்காது. அதனால் ஒரு விமானம் தவறினால் இன்னொன்றைப் பிடிக்கும்படி முன்கூட்டியே கிளம்ப வேண்டும். அப்படிக் கிளம்பும் நேரம் முழுக்க விடுமுறை நாளிலிருந்து போவது. யாரும் சம்பளம் தரமாட்டார்கள். தகுதிகாண் வருடத்தில் ஒருமுறை வேலைக்கு வராமல் போனாலும் அது பெரிய கரும்புள்ளி.

தூக்கம்தான் இதைவிடப் பெரிய தொல்லை. லூயிவில்லின் இரவை உங்கள் கணவர் விளக்கியிருக்கிறாரா தெரியவில்லை. நாடெங்கும் இருந்து விமானங்கள் நள்ளிரவையொட்டி அங்கே வந்து குவியும். பெட்டிகளை இறக்கி, ஊர்வாரியாகப் பிரித்து, மறுபடி ஏற்றி, மூன்று நான்கு மணிக்கெல்லாம் வரிசையாகக் கிளப்பிவிடுவார்கள். அந்த நான்கு மணி விமானத்தை ஓட்ட வேண்டியவர் உங்கள் கணவர் என்றால் என்ன செய்வார்? காலை ஏழு மணிக்குப் பையன் எழுப்பிவிடுவான். பகலெல்லாம் அவனோடு ஓடிவிட்டு, எல்லோரோடும் சாப்பிட்டுவிட்டு, இரவு டல்லாஸிலிருந்து கிளம்பும் சரக்கு விமானத்தில் ஏறுவார். நள்ளிரவு தாண்டி இறங்கியதும் அங்கிருக்கும் ஓய்வறையில் ஒரு மணி நேரம் கண்ணை மூடலாம். நிறுவனத்தின் கணக்கில் அவர் அப்போதுதான் வேலைக்கு வருகிறார். உடம்பின் கணக்கில் அது இருபத்தோராவது மணி நேரம்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2009 பிப்ரவரி 12 அன்று நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே ஒரு சிறிய பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் ஃபர்ஸ்ட் ஆபீசர் வசித்தது சியாட்டிலில், வேலை பார்த்தது நாட்டின் மறுகோடியில் இருக்கும் நியூவார்க்கில். முந்தைய இரவு மெம்ஃபிஸ் வழியாக, சரக்கு விமான ஜம்ப்சீட்டில்தான் வந்திருந்தார். கேப்டனும் வெளியூரிலிருந்து வந்து போகிறவர். களைப்பு அந்த விபத்தில் எவ்வளவு பங்கு வகித்தது என்று விசாரணையால் அறுதியிட முடியவில்லை. ஆனாலும் நாடே அதைப் பற்றிப் பேசியது. புதிய பணி நேர, ஓய்வு விதிகள் எழுதப்பட்டு 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. பயணிகள் விமானங்களுக்கு மட்டும். செலவைக் காரணம் காட்டிச் சரக்கு விமானங்களை விட்டுவிட்டார்கள். இரவில் அதிகம் பறக்கிறவர்களுக்குத்தான் அந்த விதி இல்லை!

அந்த விதி வருவதற்குச் சில மாதம் முன்னால், 2013 ஆகஸ்ட் 14 விடியலுக்கு முன், லூயிவில்லிலிருந்து கிளம்பிய யூபிஎஸ் 1354 என்ற சரக்கு விமானம் அலபாமாவின் பர்மிங்ஹாமில் ஓடுபாதைக்கு முன்பே தரையில் மோதியது. இரண்டு விமானிகளும் இறந்தார்கள். கிளம்புமுன் இருவரும் இந்த விதிப் பாகுபாட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது காக்பிட் ஒலிப்பதிவில் இருக்கிறது. ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு ஓய்வு நேரம் இருந்தது, அதைத் தூக்கத்துக்குச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. அதைப் படித்த நாளிலிருந்து, வீட்டில் தூங்கும் தூக்கமும் வேலையின் ஒரு பகுதிதான் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

அப்படியானால் உடனே மூட்டை கட்டுங்கள் என்கிறேனா? இல்லை, பொறுங்கள். முதல் இரண்டு, மூன்று மாதம் பயிற்சியிலேயே போய்விடும், அதுவரை ஹோட்டல் வாசம். அதற்குள் அவருக்கு எந்த பேஸ், அதாவது எந்த ஊரிலிருந்து பணிக்குக் கிளம்ப வேண்டும், என்பது தெரிந்துவிடும். அது லூயிவில்லாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, அலாஸ்காவின் ஆங்கரேஜாகவும் இருக்கலாம். பேஸ் தெரியுமுன் வீட்டை விற்றுவிட்டுப் போய்த் தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆங்கரேஜ் என்றால் டல்லாஸிலேயே இருங்கள். அங்கிருந்து ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும் நீண்ட பயணங்களே அதிகம். போனால் சேர்ந்தாற்போல் இரண்டு வாரம்கூட ஆகும், வந்தால் அதேபோல் நீண்ட விடுப்பு. மாதம் ஒரு முறை போய் வருவதைச் சமாளித்துவிடலாம். சரக்குத் தொழிலில் எனக்குப் பிடித்ததே இதுதான். இப்போது அவர் மாதத்தில் நான்கு தடவை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார் அல்லவா, அது குறையும்.

லூயிவில் என்றால் விஷயம் வேறு. புதிதாகச் சேர்கிறவருக்கு நிலையான தடம் கிடைக்காது, ரிசர்வ்தான். கூப்பிட்டால் குறித்த நேரத்துக்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். டல்லாஸில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்ய முடியாது. அங்கேயே க்ராஷ் பேட் எடுக்க வேண்டி வரும், அதாவது பல விமானிகள் வாடகையைப் பங்கு போட்டுக்கொண்டு அடுக்குக் கட்டில்களில் படுக்கும் வீடு. எனக்கு வாய்த்ததில் எட்டுக் கட்டில், ஒரே குளியலறை. ஒருநாள் மதியம் இரண்டு மணிக்கு ரசத்துக்குப் பெருங்காயம் தாளித்தேன். தூங்கிக்கொண்டிருந்த மூன்று பேர் ஏதோ எரிகிறது என்று அலறியடித்து எழுந்து வந்தார்கள். அன்றோடு என் சமையல் நின்றது. வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர, ரிசர்வில் கூப்பிடாத நாளெல்லாம் அந்தக் கட்டிலில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பது கொடுமை. பேஸிலேயே வீடு இருந்தால் அதே நாளில் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வரலாம்.

ஆகவே லூயிவில் கிடைத்தால், டல்லாஸ் வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டுவிட்டு, மகளின் பள்ளி ஆண்டு முடிந்ததும் போங்கள். உங்கள் பார்மசிஸ்ட் உரிமத்தைக் கென்டக்கிக்குத் தனியாக வாங்க வேண்டும், அந்த வேலையைப் பயிற்சி மாதங்களிலேயே தொடங்குங்கள். சில வருடத்தில் நிலையான தடம் வாங்கும் அளவுக்கு அவர் எண் ஏறும். உள்நாட்டு இரவுத் தடங்கள் பெரும்பாலும் ஒரு வாரம் வேலை, ஒரு வாரம் வீடு என்று அமையும். அப்போது டல்லாஸ் திரும்புவதைப் பற்றி யோசிக்கலாம். டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. வேறு மாநிலத்தில் பேஸ் இருந்தாலும், பொதுவாக விமானிக்கு வரி விதிப்பது வசிக்கும் மாநிலம்தான், அதற்குக் கூட்டாட்சிச் சட்டமே இருக்கிறது. ஜம்ப்சீட் பயணம் முதல் க்ராஷ் பேட் வாடகைவரை எதையும் வருமான வரியில் கழிக்க முடியாது என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் நீங்கள் வேலையை விட வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தால், ஒத்துக்கொள்ளாதீர்கள். சரக்கு வியாபாரம் படுத்தால் வேலை போவது கடைசியாகச் சேர்ந்தவர்களுக்குத்தான். வீட்டில் இன்னொரு சம்பளம் இருப்பது அந்தப் பயத்துக்கு மருந்து.

மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: பகலில் தூங்குகிறவர் வீட்டில்தானே தூங்குகிறார். விடியற்காலையில் வந்து படுத்தவர் பிற்பகலில் எழுந்தால் பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு அப்பா இருப்பார். ஒன்பது முதல் ஐந்துவரை ஆபீஸ் போகிற பல அப்பாக்களுக்கு அது வாய்ப்பதில்லை. கஷ்டம் வேறு இடத்தில். வீட்டுக்கு வந்த முதல் நாள் அவர் மனிதராக இருக்கமாட்டார், அன்றைக்கு எந்தப் பேச்சையும் எடுக்காதீர்கள், வீட்டுக் கடன் பேச்சைச் சுத்தமாக எடுக்காதீர்கள். நவம்பர் கடைசியிலிருந்து கிறிஸ்துமஸ்வரை பார்சல் காலம், புதியவருக்கு லீவு கனவு. தீபாவளி அதற்கு முன்னே வந்துவிடும், தப்பிக்கலாம். ஜனவரியில் சரக்கு இளைத்துவிடும் என்பதால் பொங்கலுக்கு அவர் இருக்க நல்ல வாய்ப்பு.

படுக்கையறைக்கு வெளிச்சம் புகாத கனமான திரை போடுங்கள், ஒரு மின்விசிறியைச் சத்தத்துக்காகவே ஓட விடுங்கள். அப்புறம், வாசல் அழைப்பு மணியின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். ஒருநாள் காலை, படுத்து நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை, மணி அடித்து என்னை எழுப்பினார்கள். வாசலில் ஒரு பெட்டி. சீட்டைப் பார்த்தால், முந்தைய இரவு என் விமானத்திலேயே வந்தது.